தலைக்குப் பனிக்கட்டி வைத்த மருத்துவ மேதை இப்னு ஸீனா



ஓர் இல்லத்தில் சுபுஹுத் தொழுகைக்காக எழுந்த பெரியவர் ஒருவர், உளூச் செய்யச் சென்ற இடத்தில் கை சோர்ந்து, வாய் கோணி, நாக்குழறி விழுந்து விடுகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வீட்டார் பதறுகின்றனர். ஒருவர் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். ஒருவர் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார். வேறொருவர் விடியட்டும், பார்த்துக் கொள்ளலாம் என்கிறார். பக்கவாதம் என்னும் அக்கொடிய நோய் நம் குடும்பங்களில் எத்தனையோ வாசல்களைத் தட்டிய நோய் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அந்நோய் தாக்கும்போது மூளையைக் குளிர்வித்து அதன் உயிரணுக்களைக் காக்க இயலுமா என்று இன்றைய மருத்துவ உலகம் ஆராய்ந்து கொண்டிருக்கிறது. இவ்வாராய்ச்சியைப் பற்றிப் படிக்குந்தோறும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் தலைக்குத் தாமே பனிக்கட்டி வைத்துக் கொண்ட ஒரு மாமேதையின் நினைவு எழாமல் இருப்பதில்லை. அவர்தாம் ஷைகுர் ரயீஸ் என்று அறிவுலகம் போற்றிய அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு ஸீனா. மேலை நாட்டார் அவரை அவிசென்னா என்றழைத்தனர். நம் ஊர் யூனானி ஹகீம்கள் இன்றும் மரியாதையுடன் உச்சரிக்கும் பெயர் அது. அப்பெருமகனாரின் வாழ்வைச் சற்றே பார்ப்போம். அதனூடே, அந்தப் பனிக்கட்டி நமக்குச் சொல்லும் பாடம் என்ன என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

புகாராவில் ஒரு சிறுவன்

ஹிஜ்ரி 370, அதாவது கி.பி. 980ஆம் ஆண்டு, புகாரா நகருக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் இப்னு ஸீனா பிறந்தார். அவ்வூர் இன்றைய உஸ்பெகிஸ்தான் நாட்டில் இருக்கிறது. தந்தையார் அப்துல்லாஹ் பல்கு நகரத்தவர். ஸாமானிய அரசில் அதிகாரியாகப் பணியாற்றியவர். அன்னையார் பெயர் ஸிதாரா. அப்பெயருக்கு நட்சத்திரம் என்று பொருள்.

குடும்பம் புகாராவில் குடியேறியபின் சிறுவருக்குக் குர்ஆன் கற்பிக்க ஓர் ஆசிரியரும், இலக்கியம் கற்பிக்க ஓர் ஆசிரியரும் அமர்த்தப்பட்டனர். பத்து வயது நிறைவதற்குள் திருக்குர்ஆனையும் இலக்கியத்தின் பெரும்பகுதியையும் அவர் கற்றுத் தேர்ந்தார். பின்னர் இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்பவரிடம் மார்க்கச் சட்டம் பயின்றார். கணிதம் கற்க அவர் தந்தையார் அவரை எங்கே அனுப்பினார் தெரியுமா? இந்தியக் கணக்கு முறையை அறிந்திருந்த ஒரு காய்கறி வணிகரிடம்! கடைத்தெருவில் காய்கறி விற்பவரிடமும் கல்வி உண்டெனில் அவரிடம் சென்று கற்பதில் இழுக்கில்லை என்று அந்தக் குடும்பம் எண்ணியது. கல்விக்குக் கூச்சம் பகை என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

நாத்திலீ என்னும் தத்துவ ஆசிரியர் அவர்கள் இல்லத்திலேயே தங்கி அவருக்குத் தர்க்கமும் வடிவ கணிதமும் கற்பிக்கத் தொடங்கினார். சிறிது காலத்தில் மாணவர் ஆசிரியரைக் கடந்து விட்டார். மருத்துவம் கடினமான கலையன்று என்பது அவர் கருத்து. பதினாறு வயதை எட்டியபோது, வயதில் மூத்த மருத்துவர்களே அவரிடம் வந்து பாடங் கேட்டனர். எனினும் அவர் ஏட்டுக் கல்வியோடு நின்றாரில்லை. நோயாளிகளைத் தேடிச் சென்று பார்த்தார். நூல்களில் காணக் கிடைக்காத சிகிச்சை வழிகள் பல, நோயாளியின் அருகில் நிற்கையில்தான் அவருக்குத் திறந்தன.

அந்நாட்களில் ஓர் இரவேனும் அவர் முழுமையாக உறங்கியதில்லை. விடை காண முடியாத சிக்கல் எழும்போதெல்லாம் பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது, அச்சிக்கலைத் தெளிவாக்கித் தருமாறு இறைவனிடம் இறைஞ்சுவது அவர் வழக்கம். அரிஸ்டாட்டிலின் மெய்ப்பொருளியல் நூலை நாற்பது முறை படித்தும் அதன் நோக்கம் அவருக்குப் புலப்படவில்லை. மனம் தளர்ந்திருந்த வேளையில், புத்தகக் கடைவீதியில் தரகர் ஒருவர் வற்புறுத்தியதால் மூன்று திர்ஹம் கொடுத்து ஒரு நூலை வாங்கினார். அறிஞர் ஃபாராபீ எழுதிய விளக்க நூல் அது. இல்லம் சேர்ந்து படித்தவுடன் இருள் விலகியது. மறுநாளே ஏழைகளுக்குத் தாராளமாகத் தருமம் செய்து இறைவனுக்கு நன்றி செலுத்தினார். தமக்குக் கிட்டிய அறிவை அருட்கொடையாக எண்ணிய அந்த மனத்தைப் பாருங்கள்!

மன்னரின் நூலகம்

புகாராவை ஆண்ட ஸாமானிய அமீர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றார். அரண்மனை மருத்துவர்கள் கைவிரித்த நிலையில் இளைஞரான இப்னு ஸீனாவையும் அழைத்தனர். அவரும் சிகிச்சையில் பங்கேற்றார். அமீர் நலம் பெற்றார். அதற்காக அவர் பொன்னோ நிலமோ கேட்கவில்லை. அரண்மனை நூலகத்துள் நுழைய அனுமதி கேட்டார். அறை அறையாகப் பெட்டிகளில் நூல்கள் அடுக்கப்பட்டிருந்த அந்நூலகத்தில், பலர் பெயர்கூடக் கேட்டறியாத ஏடுகளை அவர் படித்தார். பதினெட்டு வயதுக்குள் அக்காலத்துக் கலைகள் அனைத்தையும் கற்று முடித்தார்.

ஆயின் அமைதியான வாழ்வு அவருக்கு விதிக்கப்படவில்லை. தந்தையார் மறைந்தார். ஸாமானிய அரசும் சிதைந்தது. புகாராவை விட்டுப் புறப்பட்ட அவர் குர்கானுஜ் நகரை அடைந்து கவாரிஸ்ம் மன்னரின் ஆதரவில் சில காலம் வாழ்ந்தார். அங்கிருந்தும் புறப்பட்டு நஸா, அபீவர்த், தூஸ் எனப் பல ஊர்களைக் கடந்தார். அறிவாளரைப் போற்றும் காபூஸ் என்னும் அமீரை நாடியே அவர் அத்தனை தொலைவு நடந்தார். ஆனால் அவர் சென்று சேர்வதற்குள் அந்த அமீர் சிறைப்பட்டு மாண்டார்.

ஏமாற்றத்தில் முடிந்த அந்தப் பயணத்தில்தான் அவருக்கு ஒரு பெரும் பேறு வாய்த்தது. ஜுர்ஜான் நகரில் அபூ உபைத் அல்ஜூஸ்ஜானீ என்னும் மாணவர் வந்து சேர்ந்தார். அன்று முதல் ஆசிரியரின் இறுதி நாள் வரை சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் உடனிருந்தார். இப்னு ஸீனாவின் வாழ்வு இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அது அந்த மாணவர் எழுதி வைத்த சரிதையால்தான். பனிக்கட்டி நிகழ்ச்சியையும் நமக்குப் பதிவு செய்து தந்தவர் அவரே.

பகலில் அமைச்சர், இரவில் ஆசிரியர்

ஜுர்ஜானில் அல்கானூன் ஃபித்திப்பு என்னும் மருத்துவப் பெருநூலை எழுதத் தொடங்கிய இப்னு ஸீனா, ரய் நகர் வழியாக ஹமதான் சென்றார். அங்கே ஷம்ஸுத் தவ்லா என்னும் மன்னரின் கொடிய வயிற்று வலியைத் தீர்த்தார். மன்னர் அவரை அமைச்சராக்கினார். படைவீரர்கள் அவர்மீது சினங்கொண்டு அவர் வீட்டைச் சூறையாடிச் சிறைப்பிடித்தனர். அவரைக் கொன்றுவிடுமாறு மன்னரிடம் கோரினர். மன்னர் இணங்கவில்லை. அவர் நாற்பது நாட்கள் ஒரு நண்பர் வீட்டில் மறைந்திருந்தார். மன்னருக்கு மீண்டும் வயிற்று வலி வந்தது. மருத்துவரைத் தேடினர். அமைச்சர் பதவி அவரிடமே திரும்பியது!

பகலெல்லாம் அரசுப் பணி. இரவானால் மாணவர் கூட்டம். ஒருவர் அல்கானூனிலிருந்து படிக்க, மற்றொருவர் அஷ்ஷிஃபா என்னும் தத்துவப் பெருநூலிலிருந்து படிப்பார். மன்னர் இறந்தபின் அவர் ஒரு மருந்து வணிகரின் இல்லத்தில் ஒளிந்திருந்த நாட்களில், கையில் ஒரு நூலும் இன்றி, நினைவை மட்டுமே துணையாகக் கொண்டு, நாளொன்றுக்கு ஐம்பது ஏடுகள் எழுதினார் என்று ஜூஸ்ஜானீ வியக்கிறார். பின்னர் பகைவர் அவரை ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தனர். சிறையிலும் எழுதுகோல் ஓயவில்லை. இறுதியில் தம் சகோதரருடனும் மாணவருடனும் இரு பணியாளருடனும் சூஃபிகளைப் போல் உடை தரித்து இஸ்ஃபஹான் சென்று சேர்ந்தார். அங்கே அலாவுத் தவ்லாவின் அவையில் அவருக்குரிய மதிப்புக் கிடைத்தது.

மருத்துவத்தின் சட்டநூல்

அல்கானூன் ஐந்து பாகங்கள் கொண்டது. முதற் பாகம் மருத்துவத்தின் பொது விதிகளைக் கூறும். இரண்டாவது தனி மருந்துகளையும், மூன்றாவது தலை முதல் பாதம் வரையுள்ள உறுப்புகளின் நோய்களையும், நான்காவது உடல் முழுவதையும் பற்றும் காய்ச்சல் முதலியவற்றையும், ஐந்தாவது கூட்டு மருந்துகளையும் விவரிக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு என்பவர் ஸ்பெயினின் டொலீடோவில் இதனை இலத்தீனில் பெயர்த்தார். 1593இல் ரோம் நகரில் இதன் அரபு மூலம் அச்சேறியது. பதினேழாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இது பாடநூலாக விளங்கியது.

மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலேயே மூளை நோய்கள் பேசப்படுகின்றன. திடீரென உணர்வும் அசைவும் அற்றுப் போகும் நிலையை ஸக்தா என்றும், உடலின் ஒருபுறம் செயலிழப்பதை ஃபாலிஜ் என்றும் அக்கால மருத்துவர் வழங்கினர். மூளைக்குள் இருக்கும் வழிகளில் ஏற்படும் அடைப்பே ஸக்தாவுக்குக் காரணம் என்று இப்னு ஸீனா எழுதினார். அடைப்பது எது, அடைபடுவது எது என்பதில் அவர் கொண்ட விளக்கம் சளி, பித்தம் முதலிய நால்வகை நீர்களைப் பற்றிய பண்டைக் கிரேக்கக் கொள்கையைச் சார்ந்தது. அக்கொள்கை இன்று கைவிடப்பட்டு விட்டது. இரத்தக் குழாயில் கட்டி அடைப்பதாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிவதாலோ பக்கவாதம் வருகிறது என்பதே இன்றைய மருத்துவம் கண்ட உண்மை.

ஆயினும் இரண்டாம் பாகத்தில் அவர் வகுத்த ஒரு பகுதி இன்றும் பழையதாகவில்லை. ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்து அறிவதற்கு ஏழு நிபந்தனைகள் விதித்தார். மருந்து வேறு கலப்பின்றி இருத்தல் வேண்டும். பல நோய்கள் கலந்தவரிடமன்றி ஒரே நோயுள்ளவரிடம் சோதித்தல் வேண்டும். எதிரெதிரான நோய்களிலும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பலன் தோன்றும் நேரத்தைக் கவனித்தல் வேண்டும். அப்பலன் எப்போதுமோ பெரும்பாலுமோ தோன்றுதல் வேண்டும், ஒருமுறை தோன்றினால் அது தற்செயலாய் இருக்கலாம். ஏழாவதாக, மனித உடலிலேயே சோதித்தல் வேண்டும், ஏனெனில் சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பலன் மனிதரிடமும் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. இந்த நிபந்தனைகளை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இவை நமக்குத் தேவைப்படும்.

பனிக்கட்டி நிகழ்ச்சி

ஒருநாள் இப்னு ஸீனாவுக்குக் கடுந் தலைவலி கண்டது. மண்டையோட்டின் உட்சவ்வை நோக்கி ஏதோ ஒரு நீர் இறங்க முற்படுவதாகவும், அங்கே வீக்கம் உண்டாகலாம் என்றும் அவருக்குத் தோன்றியது. உடனே நிறையப் பனிக்கட்டி கொண்டுவரச் செய்தார். அதனை நொறுக்கித் துணியில் பொதிந்து தலையை மூடிக் கொண்டார். அவ்விடம் வலுப்பெற்று அந்நீரை ஏற்க மறுக்கும் வரை அவ்வாறே செய்தார். நோய் நீங்கி நலம் பெற்றார் என்று ஜூஸ்ஜானீ எழுதுகிறார்.

அதே இடத்தில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. கவாரிஸ்மில் எலும்புருக்கி நோயுற்ற ஒரு பெண்ணுக்கு, ரோஜா இதழையும் சர்க்கரையையும் சேர்த்துச் செய்த குல்கந்து தவிர வேறெந்த மருந்தும் தரவேண்டாமெனப் பணித்தார். நாளடைவில் நூறு மன் எடையுள்ள குல்கந்தை உண்டு அப்பெண் நலமடைந்தாள் என்கிறது சரிதை.

இவை போன்ற தம் சொந்த அனுபவங்கள் பலவற்றை அவர் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். அவற்றை அல்கானூனில் சேர்ப்பது அவர் எண்ணம். ஆனால் நூல் முடிவதற்கு முன்பே அக்குறிப்பேடுகள் தொலைந்து போயின! நாடு விட்டு நாடு அலைந்த வாழ்வில் எந்த ஊரில், எந்தக் கூடாரத்தில் அவை தவறினவோ! இறைவனே அறிவான்.

அன்பர்களே! இந்நிகழ்ச்சியைக் கொண்டு, இன்றைய மூளைக் குளிரூட்டும் சிகிச்சையை அன்றே இப்னு ஸீனா கண்டுபிடித்து விட்டார் என்று சிலர் பெருமை பேசக்கூடும். அப்படிப் பேசுவது அவருக்கே நாம் செய்யும் அநீதியாகும். அவருக்கு வந்தது பக்கவாதமன்று, தலைவலி. அவர் எண்ணிய காரணமும் இன்றைய மருத்துவம் ஏற்கும் காரணமன்று. ஒருவருக்கு ஒருமுறை கண்ட குணம் மருந்தின் பலனுக்குச் சான்றாகாது என்று விதித்தவரும் அவரே அல்லரோ? முன்னோரின் புகழைப் பொய்யால் உயர்த்த வேண்டியதில்லை. மெய்யே அவர்களுக்குப் போதும்.

குளிர்ச்சி செய்வது என்ன?

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். நம் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் உடல் பெறும் பிராணவாயுவில் சுமார் 20 விழுக்காட்டை அது செலவிடுகிறது. இரத்தக் குழாய் அடைபட்டால் அடைப்பின் நடுப்பகுதியிலுள்ள உயிரணுக்கள் சில நிமிடங்களில் மடிகின்றன. அதனைச் சூழ்ந்த பகுதியோ செயலிழந்தும் உயிரிழக்காமல் சில மணி நேரம் தத்தளிக்கிறது. அப்பகுதியைக் காப்பாற்றுவதே சிகிச்சையின் நோக்கம்.

மூளையின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதன் பிராணவாயுத் தேவை ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு குறைகிறது. எண்ணெய் குறைந்த விளக்கின் திரியைத் தணித்து வைத்தால் அது இன்னுஞ் சற்று நேரம் எரியுமல்லவா? அதுபோலத்தான் இதுவும். சேதமுற்ற அணுக்களில் தோன்றும் நச்சுப் பொருள்களையும் வீக்கத்தையும் குளிர்ச்சி தணிக்கிறது.

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் இம்முறை பலன் தந்திருக்கிறது. குளிர்ந்த நீர் ஓடும் தொப்பியைக் குழந்தையின் தலையில் அணிவித்துச் செய்த ஆய்வும், உடல் முழுவதையும் குளிர்வித்துச் செய்த ஆய்வும் 2005இல் வெளிவந்தன. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் குளிர்விக்கும் இச்சிகிச்சை, வசதி மிக்க நாடுகளில் வழக்கத்திற்கு வந்தது. ஆயினும் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வில், அதே சிகிச்சை மரணத்தையும் ஊனத்தையும் குறைக்கவில்லை. மாறாக, இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஓரிடத்தில் பலித்தது ஓரிடத்தில் பலிக்கவில்லை!

மாரடைப்பால் இதயம் நின்று மீண்டவர்களைக் குளிர்விப்பது நன்மை தரும் என்று 2002இல் வந்த இரு ஆய்வுகள் கூறின. 1,800க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வோ, காய்ச்சல் வராமல் தடுப்பதைவிடக் குளிர்விப்பதில் கூடுதல் பலன் காணவில்லை.

பக்கவாதத்தில் நிலை என்ன? எலிகளிடம் குளிர்ச்சி நல்ல பலன் காட்டியது. மனிதரிடமோ இதுவரை பலன் உறுதிப்படவில்லை. ஐரோப்பாவில் 1,500 நோயாளிகளைச் சேர்க்கத் திட்டமிட்ட ஆய்வொன்று, 98 பேருடன் நின்றுவிட்டது. 2019இல் வெளியான அதன் முடிவு நன்மையைக் காட்டவில்லை. உடல் முழுவதையும் குளிர்வித்தால் நடுக்கம் எடுக்கிறது, நுரையீரலில் சளிக்காய்ச்சல் தொற்றுகிறது. ஆகவேதான் மூளையை மட்டும் குளிர்விக்கும் வழிகளை ஆராய்கின்றனர். தலையில் குளிர்த் தொப்பி அணிவிப்பது ஒரு வழி. மூக்கின் வழியே குளிர்ச்சி செலுத்துவது மற்றொரு வழி. அடைப்பை நீக்கச் செலுத்தும் மெல்லிய குழாய் வழியாகவே, பாதிக்கப்பட்ட இடத்திற்குக் குளிர்ந்த உப்பு நீரைச் செலுத்துவது மூன்றாவது வழி. இவையெல்லாம் ஆய்வு நிலையில் உள்ளவை. பக்கவாதத்துக்கு ஏற்கப்பட்ட பொதுச் சிகிச்சையாக இவை இன்னும் ஆகவில்லை.

இப்போது அந்த ஏழு நிபந்தனைகளை எண்ணிப் பாருங்கள். விலங்கிடம் கண்டது மனிதரிடம் பலிக்குமா? பலன் பெரும்பாலும் தோன்றுகிறதா? நேரம் என்ன? அளவு என்ன? இன்றைய ஆய்வாளர்கள் கேட்கும் வினாக்கள் இவையே. இப்னு ஸீனா நமக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம் அந்தப் பனிக்கட்டிப் பொதியன்று. சோதித்துத் தெளிந்த பின்னரே ஏற்க வேண்டும் என்ற நெறியே அது.

நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே, இதனைப் படித்துவிட்டுப் பக்கவாதம் கண்டவரின் தலையில் பனிக்கட்டியைக் கட்டி வீட்டில் வைத்திருக்க எவரும் முற்பட வேண்டாம். பெரிய குழாய் அடைபட்ட மூளையில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிவதாக 2006இல் கணக்கிட்டிருக்கின்றனர். அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தின் பயன் 1995இல் மெய்ப்பிக்கப்பட்டது. பொதுவாக நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் அதனைச் செலுத்த வேண்டும். குழாய் செலுத்தி அடைப்பை எடுக்கும் சிகிச்சையின் பலன் 2015இல் வெளிவந்த பல ஆய்வுகளால் உறுதியாயிற்று. எவ்வளவு விரைவில் செல்கிறோமோ அவ்வளவு நன்மை.

முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தூக்க இயலாது தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நோய் தொடங்கிய மணியைக் குறித்துக் கொள்ளுங்கள். வாயில் நீரோ கஷாயமோ மாத்திரையோ தராதீர்கள், விழுங்க இயலாமல் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அடைப்பா, இரத்தக் கசிவா என்பதை ஸ்கேன் ஒன்றே காட்டும். ஆதலால் மூளைப் படம் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். துஆச் செய்யுங்கள், வேண்டாமெனச் சொல்லவில்லை. ஆனால் வண்டியில் ஏறியபின் துஆச் செய்யுங்கள். பள்ளிவாசலில் இறைஞ்சிவிட்டு, இல்லம் திரும்பி விளக்கேற்றிப் படிப்பைத் தொடர்ந்த இப்னு ஸீனாவின் வழி அதுவே.

இறுதி நாட்கள்

அலாவுத் தவ்லாவின் பணியில் இருந்தபோது அவருக்கு வயிற்று வலி நோய் கண்டது. மன்னரின் படை பின்வாங்க நேர்ந்தால் உடன் செல்ல இயலாமல் போய்விடுமோ என அஞ்சி, விரைவில் குணமடைய விரும்பி, ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே பீச்சு மருந்து ஏற்றிக் கொண்டார். குடல் புண்ணாயிற்று. பின்னர் அம்மருந்தில் இரண்டு தானிக் எடை செலரி விதை சேர்க்கச் சொன்னார். தானிக் என்பது ஒரு திர்ஹத்தில் ஆறிலொரு பங்கு. மருந்து கலந்த மருத்துவரோ ஐந்து திர்ஹம் எடையைச் சேர்த்து விட்டார். சொன்னதைவிடப் பதினைந்து மடங்கு! வேண்டுமென்றே செய்தாரா, தவறிச் செய்தாரா என்று தமக்குத் தெரியாது என்கிறார் ஜூஸ்ஜானீ. பணியாளர் சிலரும் அவருடைய மருந்தில் அளவுக்கு மீறி அபினியைக் கலந்தனர். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாயிருக்க வேண்டுமென எழுதிய மேதை, அளவு தவறிய மருந்தால் நலிவுற்றதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. அவசரப்பட்டது அவர் தவறும்தான் என்பதை அவரை நேசித்த மாணவரே மறைக்கவில்லை.

ஹமதான் செல்லும் வழியில் நோய் முற்றியது. உடலை ஆண்டு வந்த ஆற்றல் இனி ஆள வல்லதன்று, சிகிச்சையால் பயனில்லை என்று உணர்ந்த அவர் மருந்துகளை நிறுத்தினார். குளித்துத் தூய்மையாகி, இறைவனிடம் பாவமன்னிப்புக் கோரினார். உடைமைகளை ஏழைகளுக்கு வழங்கினார். தாம் அநீதி இழைத்ததாக நினைவில் வந்தோருக்கு ஈடு செய்தார். அடிமைகளை விடுதலை செய்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை திருக்குர்ஆனை முழுவதும் ஓதி முடித்தார். ஹிஜ்ரி 428, அதாவது கி.பி. 1037ஆம் ஆண்டு, ரமழான் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அவர் மறைந்ததாக இப்னு கல்லிகான் குறிப்பிடுகிறார். அவருடைய அடக்கத்தலம் ஈரான் நாட்டு ஹமதானில் இருக்கிறது. 1980இல் அவர் பிறந்த ஆயிரமாவது ஆண்டை உலகம் கொண்டாடியது.

அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் கடுமையாக மறுத்துள்ளார்கள். அவருடைய தனி வாழ்விலும் குறைகள் இருந்ததை அவர் சரிதையே கூறுகிறது. அவற்றுக்குத் தீர்ப்பளிப்பவன் இறைவன். மருத்துவத்தில் அவர் ஆற்றிய தொண்டை மறுப்பார் எவருமில்லை.

அன்பர்களே! பனிக்கட்டி அன்றே உருகி விட்டது. அனுபவக் குறிப்பேடுகள் வழியில் தொலைந்து விட்டன. எஞ்சி நிற்பது அவர் கற்பித்த நெறி மட்டுமே. நோயை அஞ்சாமல் உற்றுப் பார்த்தல், மருந்தைச் சோதித்துத் தெளிதல், அறிவு எங்கிருந்தாலும் சென்று பெறுதல், பெற்றபின் நன்றி மறவாதிருத்தல் ஆகியவையே அந்நெறி. நம் பிள்ளைகளுள் ஒருவர் நாளை அந்நெறியில் நின்று, மூளையைக் காக்கும் உறுதியான மருந்தொன்றைக் கண்டறிவாராயின், இப்னு ஸீனாவுக்கு நாம் செய்யும் உண்மையான நன்றி அதுவேயாகும். எல்லாம் வல்ல இறைவன் அத்தகைய அறிவையும், அதனைப் பயன்படுத்தும் விவேகத்தையும் நமக்கு அருள்வானாக!